டெட்ரொயிட் அணி "கோட்டைவிட்டது" என்பது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடைபெற்று, இலங்கை நேரப்படி 2025 பெப்ரவரி 10ஆம் திகதி திங்கட்கிழமை காலை நிறைவடைந்த அமெரிக்கக் காற்பந்தாட்ட இறுதிப் போட்டியான சுப்பர் போலில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 40-22 என்ற புள்ளிக் கணக்கில் வென்ற செய்தியைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசித்தேன். அதற்கு முதல்நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் மின்சாரமின்றித் தவித்ததை நினைத்தால், அந்த ஆட்டத்தை நாம் பார்க்கக் கிடைத்ததே பெரிய காரியம். செய்தி சுருக்கமாகவும் பிழையின்றியும் இருந்தது. ஆனால் அதன் கடைசிப் பந்தியில், பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட டெட்ரொயிட் லயன்ஸ் அணி இவ்வருடமும் வழமைபோல் கோட்டைவிட்டது என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரியைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்கக் காற்பந்தாட்டத்துக்குக் கொழும்பில் வாசகர் யார் என்று ஆசிரியபீடத்தில் எவரேனும் கேட்கக்கூடும். கனடாவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அரிதாகவே இருக்கும். என் தங்கையின் குடும்பம் ஒன்றாரியோ மாகாணத்தின் வின்ட்சர் நகரில் வசிக்கிறது. அவர்கள் வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் டெட்ரொயிட். நாடு வேறு, நாணயம் வேறு என்றாலும் என் மருமகன்மார் இருவருக்கும் அக்கரை அணிதான் சொந்த அணி. அவர்கள் மூலமாக இந்தப் பித்து எனக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிறு பிற்பகலில் அங்கே தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பத்தரைக்கும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்தள்ளிய பிறகு பதினொன்றரைக்கும் ஆரம்பிக்கும். இரவு ஆட்டங்களோ நமக்கு மறுநாள் காலைத் தேநீர் நேரத்தில் வந்து சேரும். இப்படி விழித்திருந்து பார்ப்பவர்கள் இந்நகரில் நான் அறிந்தே பலர் உள்ளனர்.

ரக்பி பார்த்துப் பழகிய கொழும்பு வாசகருக்கு ஆட்டமுறையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார் தூரம் முன்னேற நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். மூன்றில் முடியாவிட்டால், நான்காவது வாய்ப்பில் பெரும்பாலான அணிகள் பந்தை எதிரணியின் பக்கம் தூர உதைத்துவிடும், அல்லது கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளிகளைப் பெற்றுக்கொள்ளும். எல்லைக் கோட்டைக் கடந்தால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளிகள். லீக்கில் இரு பிரிவுகளாக 32 அணிகள். ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் 14 அணிகள் நொக் அவுட் சுற்றுக்குச் செல்லும். இரு பிரிவுகளிலும் முதலிடம் பெறும் அணிக்கு மட்டும் முதல் வாரம் ஓய்வு. அதன் பின் ஒரு தோல்வி என்றால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

"வழமைபோல்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். டெட்ரொயிட் அணி கடைசியாக லீக் சம்பியனானது 1957இல். அதன் பின்னர் 2024 ஜனவரி வரை அவ்வணி வென்ற நொக் அவுட் ஆட்டம் ஒன்றே ஒன்று. 1992 ஜனவரியில் டலஸ் கவ்போய்ஸ் அணியை 38-6 என வென்றது அது. இடைப்பட்ட காலத்தில் பரி சாண்டர்ஸ் போன்ற மாபெரும் வீரர் ஒருவரே அங்கு ஆடி, கிண்ணத்தின் பக்கமே போகாமல் 1999இல் ஓய்வை அறிவித்தார். 2008இல் அப்போதிருந்த 16 ஆட்டங்களிலும் தோற்று, அந்த முறையில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத முதல் அணி என்ற பெயரையும் வாங்கியது. சுப்பர் போலில் இன்று வரை கால் பதிக்காத நான்கு அணிகளுள் இதுவும் ஒன்று. எனவே அணியைக் கேலி செய்ய வரலாறு போதிய இடம் தருகிறது. ஆனால் 2024 பருவகாலத்தை அந்த வரலாற்றின் தொடர்ச்சியாக எழுதுவது நடந்ததைத் தலைகீழாகச் சொல்வதாகும் என்பதே என் வாதம்.

இந்த அணி எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 2021இன் தொடக்கத்தில் அணியின் புதிய முகாமையாளர் பிரட் ஹோம்ஸ், பன்னிரண்டு பருவகாலங்கள் அங்கு ஆடிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் வீரர்) மத்தியூ ஸ்டபர்டை லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தது, ராம்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த ஜரட் கொஃப் என்ற குவாட்டர்பேக்கும், புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் சில உரிமைகளும். அடுத்த பெப்ரவரியிலேயே ஸ்டபர்ட் ராம்ஸ் அணியுடன் சுப்பர் போலை வென்றார். டெட்ரொயிட் அந்தப் பருவகாலத்தில் வென்றது மூன்றே ஆட்டங்கள். அன்று இந்தக் கொடுக்கல் வாங்கலை ஏமாந்த வியாபாரம் என்று சொன்னவர்கள் அதிகம். ஆனால் ராம்ஸிடமிருந்து பெற்ற உரிமைகளில் ஒன்று 2023இல் ஆறாவது தெரிவாக வந்தபோது, ஹோம்ஸ் அதை அரிசோனா அணிக்கு மாற்றி, 12ஆவது, 34ஆவது தெரிவுகளைப் பெற்றார். 12ஆவதில் வந்தவர் ஓட்டவீரர் ஜஹ்மிர் கிப்ஸ். 34ஆவதில் வந்தவர் சாம் லபோர்டா. இப்பருவகாலத்தில் கிப்ஸ் மட்டும் 20 டச்டவுன்களை எடுத்து, பரி சாண்டர்ஸின் அணிச் சாதனையையும் கடந்துவிட்டார்.

பயிற்றுவிப்பாளர் டான் கெம்பல், ஒரு வெற்றியும் இல்லாத 2008 அணியில் வீரராக இருந்தவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அந்த அவமானத்தை உள்ளிருந்து கண்டவரிடம் அணியை ஒப்படைத்து, முதல் வருடம் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமநிலை, இரண்டாம் வருடத் தொடக்கத்தில் 1 வெற்றி, 6 தோல்வி என்று கணக்கு நின்றபோதும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் பொறுத்திருந்த உரிமையாளர் குடும்பத்தின் நிதானத்தை நான் மெச்சுகிறேன். நம் நாட்டு விளையாட்டு நிருவாகங்களில் பயிற்றுவிப்பாளர்கள் வருவதும் போவதும் எவ்வளவு வேகமாக நடக்கின்றன என்பதை அறிந்த வாசகருக்கு இதன் அருமை புரியும். அந்த இரண்டாம் வருடம் 9-8 என்று முடிந்தது. மூன்றாம் வருடம் 12-5. 2024 ஜனவரியில் ஸ்டபர்டின் ராம்ஸ் அணியையே சொந்த மைதானத்தில் 24-23 என வென்று, முப்பத்திரண்டு வருடப் பஞ்சத்தை முடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவுடனான பிரிவு இறுதியில் இடைவேளையின்போது 24-7 என முன்னிலை வகித்தும் 34-31 எனத் தோற்றார்கள். அதைக் கோட்டைவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அன்று கெம்பல் இரண்டு தடவை எளிதான மூன்று புள்ளிகளை மறுத்து நான்காவது வாய்ப்பில் சூதாடி இரண்டையும் இழந்தார்.

இவ்விடத்தில் லீக்கின் விதிகளையும் குறிப்பிடுவது அவசியம், ஏனெனில் டெட்ரொயிட்டின் எழுச்சி அதிசயமன்று. முந்தைய பருவகாலத்தில் மோசமாக ஆடிய அணிக்கே பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் வீரர்களை முதலில் தெரிவு செய்யும் உரிமை. இது 1936 முதல் நடைமுறையில் உள்ளது. 1994 முதல் ஒவ்வோர் அணியும் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2024இல் அது 255.4 மில்லியன் டொலர். தேசியத் தொலைக்காட்சி வருமானத்தை 32 அணிகளும் சமமாகப் பங்கிடுகின்றன. ஆகவே எந்த முதலாளியும் பணத்தைக் கொட்டிச் சிறந்த வீரர்கள் அனைவரையும் ஒரே அணிக்கு அள்ளிச் செல்ல முடியாது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் நாம் காண்பது போல் நான்கைந்து கழகங்களே காலமெல்லாம் கிண்ணங்களைப் பகிர்ந்துகொள்ளவும் முடியாது. முதலாளித்துவத்தின் கோட்டையான நாட்டில், விளையாட்டு மட்டும் இப்படிச் சமதர்ம முறையில் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். ஆனால் விதி கதவைத் திறந்துவைக்குமே தவிர, உள்ளே போவது அணியின் பொறுப்பு. பல அணிகள் வருடந்தோறும் முதல் தெரிவுகளைப் பெற்றும் தேறவில்லை. டெட்ரொயிட்டே முன்பு அப்படித்தான் இருந்தது.

இனிப் பருவகாலத்துக்கு வருவோம். 15 வெற்றி, 2 தோல்வி. அணியின் வரலாற்றில் இதற்கு முன் இல்லாத கணக்கு. 17 ஆட்டங்களில் 564 புள்ளிகள். லீக்கில் வேறெந்த அணியும் அவ்வளவு எடுக்கவில்லை. செப்டம்பரில் ராம்ஸை மேலதிக நேரத்தில் 26-20 என வென்று தொடங்கி, அடுத்த வாரமே தம்பா பே அணியிடம் 20-16 எனத் தோற்றார்கள். மாதக் கடைசியில் சியாட்டில் அணிக்கு எதிராக, ராம்ஸ் ஒதுக்கிய அதே கொஃப் எறிந்த 18 பந்துகளும் சக வீரர்களின் கைகளைச் சென்றடைந்தன. ஒன்றுகூடத் தவறாமல் ஒரே ஆட்டத்தில் அத்தனை எறிகளை லீக் வரலாற்றில் வேறெவரும் முடித்ததில்லை. அதே ஆட்டத்தில் அவர் ஒரு டச்டவுனைத் தானே பிடித்தும் எடுத்தார்.

ஒக்டோபர் 13ஆம் திகதி டலஸ் அணியை அதன் சொந்த மைதானத்தில் 47-9 எனத் துவைத்தெடுத்த ஆட்டமே இப்பருவகாலத்தின் திருப்பம் என்று கருதுகிறேன். புள்ளிகளை மட்டும் பார்த்தவர் அதைக் கொண்டாட்டமாக நினைத்திருப்பார். மூன்றாம் கால்பகுதியில், எதிரணிக் குவாட்டர்பேக்கைச் சுற்றிவளைத்து வீழ்த்திய தருணத்தில், ஐடன் ஹட்சின்சனின் இடக்கால் சக வீரர் அலிம் மக்னீலின் மீது மோதி முறிந்தது. மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2022இல் இரண்டாவது தெரிவாக ஊர் அணிக்கே வந்த பிள்ளை அவர். ஐந்து ஆட்டங்களுக்குள் எதிரணிக் குவாட்டர்பேக்குகளை ஏழரை தடவை வீழ்த்தியிருந்தார். அன்று லீக்கில் முன்னணியில் நின்றவர் அவரே. வின்ட்சரிலிருந்து என் மூத்த மருமகன் அன்று தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "மாமா, வெண்டிட்டம், ஆனா முடிஞ்சுது." நான் அவனைக் கடிந்துகொண்டேன். அதன் பிறகு தொடர்ந்து எட்டு ஆட்டங்களை அணி வென்றபோது அவனே சிரித்தான்.

அவ்வெற்றிகளுள் நவம்பர் 10ஆம் திகதி ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியுடனான ஆட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு அது திங்கட்கிழமை காலை. இடைவேளையில் டெட்ரொயிட் 23-7 எனப் பின்தங்கியிருந்தது. கொஃப் அன்று எறிந்த பந்துகளில் ஐந்தை எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தார்கள். ஒரு ஆட்டத்தில் ஐந்து தடவை அவ்வாறு பந்தைப் பறிகொடுத்த அணி வெல்வது மிக அரிது. பழைய டெட்ரொயிட் என்றால் அது ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருக்கும். ஆனால் இரண்டாம் பாதியில் ஹூஸ்டனுக்கு ஒரு புள்ளியைக்கூடக் கொடுக்காத தடுப்பு வரிசை, அணியைச் சிறுகச் சிறுக மேலே தூக்கியது. ஜேக் பேட்ஸ் 58 யார் தூரத்திலிருந்து உதைத்துச் சமப்படுத்தினார். பிறகு கடைசி நொடியில் 52 யார் தூரத்திலிருந்து உதைத்து 26-23 என முடித்தார். அந்த பேட்ஸ், சில காலத்துக்கு முன்புவரை செங்கல் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். இளவேனிற்கால லீக்கில் மிச்சிகன் பாந்தர்ஸ் என்ற அணிக்காக டெட்ரொயிட்டின் இதே மைதானத்தில் 64 யார் உதை ஒன்றைப் போட்டு எல்லோர் கண்ணிலும் பட்டார். செங்கல் வியாபாரம் ஒரு நல்ல ஆளை இழந்துவிட்டது.

ஜக்சன்வில்லை 52-6 என வென்றது இவ்வணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். 1934 முதல் அநேகமாக வருடந்தோறும் அவர்கள் ஆடிவரும் நன்றியறிதல் நாள் ஆட்டத்தில் சிக்காகோ பெயார்ஸை 23-20 எனத் தட்டுத்தடுமாறி வென்றார்கள். கடைசி நிமிடத்தில் நேரத்தைக் கையாளத் தெரியாமல் நின்ற சிக்காகோவின் பயிற்றுவிப்பாளர் மறுநாளே வேலையிழந்தார். டிசம்பர் 5ஆம் திகதி கிரீன் பே அணியுடன் 31-31 என்று சமநிலை, இன்னும் நாற்பது நொடியளவே மீதி, நான்காவது வாய்ப்பு, தேவை ஒரு யார். மூன்று புள்ளிகளை உதைத்து எடுத்திருந்தால் எதிரணியிடம் பந்தும் நேரமும் போயிருக்கும். கெம்பல் உதைக்கவில்லை. பந்தைக் கையளிக்கும்போது கொஃப் கால் இடறி விழப்போனார். விழுந்தபடியே பந்தை டேவிட் மொன்ட்கமரியின் வயிற்றில் திணித்தார். அவர் ஏழு யார் ஓடினார். பிறகு நேரத்தைக் கரைத்து, பேட்ஸ் கடைசி உதையைப் போட்டு 34-31. முந்தைய பருவகாலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகக் கெம்பலைக் கவிழ்த்த அதே துணிச்சல் இம்முறை கைகொடுத்தது. அந்தத் துணிச்சல் சரியா பிழையா என்பதை விளைவை வைத்து மட்டும் தீர்மானிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்றும் இன்றும் கணக்கு ஒன்றுதான்.

டிசம்பர் நடுப்பகுதியில் பஃபலோ பில்ஸ் அணி டெட்ரொயிட்டுக்கே வந்து 48-42 என வென்றது. அன்று மக்னீலும் முழங்கால் தசைநார் அறுந்து பருவகாலத்தை இழந்தார். டலஸில் ஹட்சின்சன் மோதியதும் இவர் மீதே என்பதை நினைத்தால், வரிசையின் நடுவும் ஓரமும் ஒருவர்பின் ஒருவராக உதிர்ந்தது தெரியும். பின்வரிசைத் தடுப்பு வீரரான கொர்னர்பேக் கார்ல்டன் டேவிஸுக்குத் தாடை உடைந்தது. பருவகாலம் முடிவதற்குள் தடுப்பு வரிசையில் மட்டும் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் உபாதைப் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய இடங்களுக்கு வந்தவர்களில் சிலர், ஒரு மாதத்துக்கு முன் வேறு அணிகளில் இடமின்றி வீட்டில் இருந்தவர்கள். இருந்தும் சிக்காகோவை 34-17, சான் பிரான்சிஸ்கோவை 40-34 என வென்றார்கள். சிக்காகோவில் கொஃப் வேண்டுமென்றே கால் இடறுவது போல் நடித்து, பந்து தவறிவிட்டதாக எதிரணி பாய்ந்த வேளையில் லபோர்டாவுக்கு எறிந்து டச்டவுன் எடுத்த தந்திரத்தை வாசகர்கள் இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும். ஜனவரி 5ஆம் திகதி, பிரிவின் முதலிடத்துக்காக மினசோட்டா வைக்கிங்ஸ் அணியுடன் நேருக்கு நேர் மோதி 31-9 என வென்றார்கள். அன்று கிப்ஸுக்கு நான்கு டச்டவுன்கள். அணி முதலிடத்தைப் பெற்றது இதுவே முதல்முறை.

அதன் பின் வந்தது ஜனவரி 18ஆம் திகதி இரவு. நமக்கு ஞாயிறு காலை ஆறரை மணி. வொஷிங்டன் கொமாண்டர்ஸ் 45, டெட்ரொயிட் 31. தங்கள் நிருபர் கோட்டைவிட்டது என்று எழுதியது இந்த ஆட்டத்தையே என்று எடுத்துக்கொள்கிறேன். டெட்ரொயிட் அன்று 521 யார் முன்னேறியது. எனினும் ஐந்து தடவை பந்தைப் பறிகொடுத்தது. கொஃப் எறிந்ததில் மூன்றை இடைமறித்தார்கள், அவற்றில் ஒன்று நேரே டச்டவுனாகத் திரும்பியது. பிற்பகுதியில், மட்டுமீறிய தந்திரத்துக்கு ஆசைப்பட்டு, பந்தைப் பிடிக்கவேண்டிய ஜேம்சன் வில்லியம்ஸிடம் அதை எறியும் வேலையைக் கொடுத்தார்கள்; அதுவும் எதிரணியின் கைக்குப் போனது. கையில் கிப்ஸ் போன்றவர் இருக்கும்போது அந்த விளையாட்டு எதற்கு என்று நான் இன்றும் கேட்கிறேன். முக்கியமான நான்காவது வாய்ப்பொன்றில் களத்தில் பதினொருவருக்குப் பதில் பன்னிருவர் நின்று, எதிரணிக்கு இலவசமாகப் புதிய வாய்ப்பைத் தானம் செய்தார்கள். இவை கண்டிக்கத்தக்க தவறுகள். பயிற்றுவிப்புக் குழு பொறுப்பேற்கவேண்டிய தவறுகள். இவற்றைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் தோல்வியின் அடிப்படை வேறிடத்தில் இருக்கிறது. வொஷிங்டனின் அறிமுக வருடக் குவாட்டர்பேக் ஜெய்டன் டேனியல்ஸ், டெட்ரொயிட்டின் தடுப்பு வரிசையின் முன் அமைதியாக நின்று, தேடி, எறிந்தார். அவரை அவசரப்படுத்த ஆளில்லை. அந்த வேலையைச் செய்யவேண்டிய ஹட்சின்சன் மூன்று மாதங்களாகக் காலைத் தேற்றிக்கொண்டிருந்தார். மக்னீல் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார். தாக்கும் வரிசையின் பலத்தால் மறைந்திருந்த ஓட்டை, தாக்கும் வரிசை தடுமாறிய முதல் இரவிலேயே வெளியே தெரிந்தது. இதில் வழமை எதுவும் இல்லை. பழைய டெட்ரொயிட் திறமையின்மையால் தோற்றது, இவ்வருடத்து அணியோ வைத்தியசாலையில் பாதி ஆட்களை விட்டுவிட்டு ஆடித் தோற்றது.

வென்றவர்களையும் பார்க்கவேண்டும். வொஷிங்டன் முந்தைய பருவகாலத்தில் நான்கு வெற்றிகளும் பதின்மூன்று தோல்விகளும் பெற்ற அணி. அந்த மோசமான நிலை காரணமாகவே 2024இல் இரண்டாவது தெரிவு கிடைத்தது; அதில் வந்தவர்தான் டேனியல்ஸ். டெட்ரொயிட்டைத் தூக்கிவிட்ட அதே விதி டெட்ரொயிட்டை வீழ்த்தியவர்களையும் தூக்கிவிட்டிருக்கிறது. அடுத்த வாரமே அந்த வொஷிங்டன் பிலடெல்பியாவிடம் 55-23 என நொறுங்கியது. அதை ஏனோ எவரும் கோட்டைவிட்டதாக எழுதவில்லை.

முதலிடம் பெற்ற அணி முதல் நொக் அவுட் ஆட்டத்திலேயே வெளியேறுவதும் டெட்ரொயிட்டின் தனிச்சொத்தன்று. 2011 பருவகாலத்தில் 15-1 என்று வந்த கிரீன் பே, சொந்த மைதானத்தில் நியூயோர்க் ஜயன்ட்ஸிடம் 37-20 எனத் தோற்றது. 2019இல் 14-2 என்று வந்த பல்டிமோர், டெனசியிடம் 28-12 எனத் தோற்றது. 1998இல் 15-1 என்று வந்த மினசோட்டா, சுப்பர் போலுக்கு ஓர் ஆட்டம் இருக்கையில் அட்லான்டாவிடம் மேலதிக நேரத்தில் வீழ்ந்தது. 2007இல் பதினாறு ஆட்டங்களையும் வென்ற நியூ இங்கிலாந்து, இறுதியாட்டத்தில் 17-14 என ஜயன்ட்ஸிடம் தோற்றது. பாடசாலை ரக்பியில் பிரட்பி கேடயத்துக்காக றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் இரண்டு ஆட்டங்கள் ஆடி, இரண்டின் மொத்தப் புள்ளிகளைக் கொண்டு வெற்றியாளரைத் தீர்மானிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரே இரவில் எல்லாவற்றையும் தீர்க்கும் இம்முறையின் கொடுமை நன்றாகவே விளங்கும். 2007, 2011 உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் தோற்ற நமது கிரிக்கெட் அணிகளை நாம் கோட்டைவிட்ட அணிகள் என்று நினைவில் வைத்திருக்கவில்லையே.

இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. டெட்ரொயிட் நகரம் 2013 ஜூலையில் ஏறத்தாழ 18 பில்லியன் டொலர் கடனுடன் வங்குரோத்தை அறிவித்த நகரம். 2022 ஏப்ரலில் நாமும் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று உலகுக்கு அறிவித்தோம். அந்த ஊர் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் 65,000 பேர் அரங்கை நிரப்பி ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள நமக்குப் பெரிய முயற்சி தேவையில்லை. விளையாட்டு கடனை அடைக்காது, அது வேறு விடயம்.

எனது வேண்டுகோள் சிறியது. செப்டம்பரில் புதிய பருவகாலம் தொடங்கும்போது, வாரத்துக்கு ஒருமுறை அணிகளின் நிலைப் பட்டியலையும், அடுத்த வார ஆட்டங்களின் இலங்கை நேரத்தையும் கால் பத்தியில் வெளியிடுங்கள்; பெப்ரவரியில் இறுதியாட்டத்தை எழுதும் நிருபருக்கும் அது கைகொடுக்கும். டெட்ரொயிட்டைப் பொறுத்தவரை எழுத விடயம் இருக்கும். தாக்குதல் வியூகங்களை வகுத்த பென் ஜோன்சன் சிக்காகோவுக்கும், தடுப்பு வரிசையைப் பார்த்துக்கொண்ட அரன் க்ளென் நியூயோர்க் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளர்களாகப் போய்விட்டார்கள். சிக்காகோவும் டெட்ரொயிட்டும் ஒரே உபபிரிவில் இருப்பதால், தன் பழைய அணியின் இரகசியங்கள் அனைத்தையும் அறிந்த ஜோன்சன் வருடத்துக்கு இரண்டு தடவை எதிர்ப்பக்கம் நிற்பார். ஹட்சின்சன் அதற்குள் திரும்பிவிடுவார் என்று மருமகன் சொல்கிறான்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.